கட்டிக்குள் நிற்கும் காவல்காரர் யார் பக்கம்?

கேள்வி: எங்கள் வீமனுக்கு ஒன்பது வயது. ஊர்நாய்தான், ஆனால் ஆள் பெரியவன். இரண்டு வருடத்துக்கு முன் இடது பின்தொடையின் வெளிப்பக்கத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தோம், சோதனைக்கு அனுப்பவில்லை. போன ஐப்பசியில் அதே தழும்புக்குப் பக்கத்தில் மறுபடி தலைகாட்டியது. இப்போது தேசிக்காய் அளவு. ஒரு துண்டு எடுத்துப் பேராதனைக்கு அனுப்பியதில் மென்னிழையச் சார்க்கோமா, இரண்டாம் தரம் என்று வந்திருக்கிறது. கட்டிக்குள் லிம்போசைட்டுகளும் மக்ரோபேஜ்களும் நிறைய நிற்பதாகவும் எழுதியிருக்கிறார்கள். அவை நோயை எதிர்க்கும் கலங்களாம், உள்ளே போயிருப்பது நல்லதாம், அவற்றுக்குப் பலம் கொடுத்தால் கட்டி கரையுமாம். ரொறொன்ரோவில் இருக்கும் மகன் எங்கேயோ வாசித்துவிட்டு இப்படிச் சொல்லி ஒரு பவுடரும் அனுப்பியிருக்கிறான். மார்கழியில் உண்ணிக்காய்ச்சல் வந்து மாறியபோது கட்டி கொஞ்சம் வற்றியதை நானே கண்டேன். தையிலிருந்து மறுபடி வளர்கிறது. எதிர்க்கிற கலங்கள் உள்ளேயே நின்றால் கட்டி ஏன் வளர்கிறது? பவுடர் கொடுக்கலாமா? வயதான நாயை மறுபடி வெட்டக் கொடுக்க மனம் வரவில்லை. வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கல் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று இருக்கிறேன்.
— ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, ஒட்டுசுட்டான்

பதில்:

ரீச்சர், ரிப்போட்டோடு கட்டியின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள். பக்கத்தில் ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்துப் படமெடுத்தது கணித ரீச்சரின் மூளை. அளவு உடனே பிடிபட்டது. அதனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பொங்கல் வைகாசியில், இப்போது பங்குனி. அதுவரை வைத்திருக்காதீர்கள்.

இனி ரிப்போட்டுக்கு வருவோம். மென்னிழையச் சார்க்கோமா என்பது புற்றுக்கட்டிகளில் ஒரு குடும்பப் பெயர். கொழுப்பு, நார், நரம்பின் உறை, சிறு இரத்தக்குழாயின் சுவர் என்று தோலுக்கு அடியில் கிடக்கிற எதிலிருந்தும் இந்தக் கட்டி கிளம்பலாம். நாய்களுக்குத் தோலிலும் அதன் அடியிலும் வரும் கட்டிகளில் நூற்றுக்கு 8 முதல் 15 வரை இந்தக் குடும்பம்தான். ரிப்போட்டின் கீழ் மூலையில் 2 + 2 + 1 = 5 என்று ஒரு கூட்டல் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். முதல் இரண்டு, கட்டியின் கலங்கள் தாம் பிறந்த இழையத்தின் சாயலை எவ்வளவு தொலைத்துவிட்டன என்பதற்கு. அடுத்த இரண்டு, கலங்கள் பிரியும் வேகத்துக்கு. நுணுக்குக்காட்டியில் பெரிதாக்கிப் பார்த்த பத்து வட்டத்துக்குள் பிரிந்துகொண்டிருந்த கலங்கள் 12 என்று எண்ணியிருக்கிறார்கள். 9 வரைக்கும் ஒரு புள்ளி, 10 முதல் 19 வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. கடைசி ஒன்று, உள்ளே செத்து அழுகிய பகுதி இல்லை என்பதற்கு. கூட்டுத்தொகை 4 வரை முதலாம் தரம், 5 அல்லது 6 இரண்டாம் தரம், 7 முதல் மூன்றாம் தரம்.

இது ஒரு சிறு துண்டைப் பார்த்துப் போட்ட புள்ளி. முழுக்கட்டியையும் எடுத்துப் பார்க்கும்போது தரம் கூடி வருவது உண்டு, அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டிக்கு ஒரு குணம். தூர ஓடுவதைவிட இருந்த இடத்தில் வேரோடுவதில்தான் அதற்கு ஆசை அதிகம். முதல் இரண்டு தரத்தில் நுரையீரலுக்குப் பரவுவது நூற்றுக்குப் பத்துப் பதினைந்துக்குள்தான். மூன்றாம் தரத்தில்தான் அது நாற்பதைத் தாண்டுகிறது. ஆனால் ஒட்ட வெட்டிய இடத்தில் திரும்ப முளைப்பது வேறு கணக்கு. 2009இல் வெளியான ஒரு நியூசிலாந்து ஆய்வில், ஓரம் விடாமல் ஒட்ட வெட்டிய கட்டிகளில் முதலாம் தரம் நூற்றுக்கு 7, இரண்டாம் தரம் 34, மூன்றாம் தரம் 75 என்று திரும்ப முளைத்திருந்தன. ஓரம் சுத்தமாக வந்தவற்றில் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

சரி, உங்கள் பெரிய கேள்வி. எதிர்க்கிற கலங்கள் உள்ளே நின்றும் கட்டி ஏன் வளர்கிறது?

காலில் மண்வெட்டி பட்டால் என்ன நடக்கிறது என்று பாருங்கள். முதலில் ஓடி வருபவை கிருமியைக் கொல்லும் வெண்குழியங்கள். அடுத்த நாளே மக்ரோபேஜ்கள் வந்து இறங்கும். பெருந்தின்கலம் என்று பெயர், பெயருக்கேற்ற தீனி. செத்த கலம், கிருமி, அழுக்கு எல்லாவற்றையும் விழுங்கித் துப்புரவாக்கும். அந்த வேலை முடிந்ததும் அதே மக்ரோபேஜ் ஆளே மாறிவிடும். சண்டையை நிறுத்தச் சொல்லும், புது இரத்தக்குழாய்க்கு ஆள் அனுப்பும், நார் பின்னும் கலங்களை வளர்த்துவிடும். புண் ஆறுவது இப்படித்தான். ஆறிய பிறகு எல்லாம் கலைந்து போய்விடும்.

கட்டியில் கலைவதில்லை. 1986இல் ஹரோல்ட் டுவொராக் என்ற நோயியல் அறிஞர் புற்றுக்கட்டியை ஆறாத புண் என்று எழுதினார். இதைவிடப் பொருத்தமான இரண்டு சொல் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. இங்கே புண் இருக்கிறது, மருந்து கட்டு என்று கட்டி ஓயாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை நம்பி வரும் மக்ரோபேஜ்கள் கொல்லும் வேலையை விட்டுவிட்டு, இரத்தக்குழாய் இழுப்பதிலும் வளர்த்துவிடுவதிலும் இறங்கிவிடும். பன்றிக்குக் காவல் போனவனைப் பன்றியே கூலிக்கு வைத்துக்கொண்ட கதை. காவல் கொட்டிலில் விளக்கு எரிகிறது, ஆளும் இருக்கிறான். விடியப் பார்த்தால் வரம்போரத்து நெல் இல்லை.

லிம்போசைட்டுகளிலும் ஒரே சாதி இல்லை. கொல்லும் ரி கலங்கள் என்று ஒரு வகை உண்டு, நமக்கு வேண்டியவை அவை. அவற்றை அடக்கி வைக்கும் ரி கலங்கள் என்று இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகை இல்லாவிட்டால் உடல் தன்னையே தின்றுவிடும். அதைக் கண்டுபிடித்து விளக்கிய மூவருக்கு 2025இல் நொபெல் பரிசும் கிடைத்தது. அமைதி காக்கும் கலங்கள் என்று இவற்றுக்கு நல்லதாக ஒரு பெயர் வைக்கலாம்; இந்திய அமைதி காக்கும் படை வந்துபோன எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் எப்படி ஒலிக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டி இவற்றையும் தன்னிடம் வரவழைத்துக்கொள்ளும். இவை நிறைந்த கட்டிக்குள் கொல்லும் கலம் நுழைந்தாலும் கை கட்டி நிற்கவேண்டியதுதான். போதாததற்குக் கட்டியின் கலங்கள் தம் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நீட்டிவைத்திருக்கும். கொல்லும் கலம் அதைத் தொட்டதும் சோர்ந்துபோகும். ஒரு பூட்டு மாதிரி.

உங்கள் ரிப்போட்டில் இருப்பது கட்டியின் மெல்லிய சீவலுக்குச் சாதாரணச் சாயம் போட்டுப் பார்த்தது. அந்தச் சாயத்தில் லிம்போசைட் ஒவ்வொன்றும் நீலப் பொட்டு. கொல்பவனும் அடக்குபவனும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். பிரித்துக் காண அடையாளச் சாயங்கள் வேறு வேண்டும், எங்கே நிற்கிறார்கள் என்றும் பார்க்கவேண்டும். கட்டியின் ஓரத்து வேலியில் குந்தியிருப்பவருக்கும் நடுவயலில் இறங்கியவருக்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா? ஆகவே ‘நிறைய நிற்கின்றன’ என்ற வரியை வைத்து மகன் சந்தோசப்படவும் முடியாது, நீங்கள் கலங்கவும் வேண்டாம்.

மகன் வாசித்தது பொய்யும் அல்ல. மனிதருக்கு இந்தச் சார்க்கோமா அரிது, பெரியவர்களின் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்றுதான். நாய்களுக்கோ தாராளமாக வருகிறது. அதனால் நாய்களின் கட்டிக்குள் எந்தக் கலம் எவ்வளவு நிற்கிறது, அதற்கும் கட்டி வளர்வதற்கும் என்ன தொடர்பு என்று நிறையப் பேர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 2020இல் மனிதரின் சார்க்கோமாக்களில் பி கலங்கள் என்ற இன்னொரு வகை லிம்போசைட்டுகள் நிறைந்திருந்தவர்கள் கூடுதல் காலம் வாழ்ந்ததாக ஒரு பெரிய ஆய்வு வந்தது. எண்ணுவதில் பயன் இருக்கிறது. ஆனால் கட்டிக்குள் எது நிற்கிறது என்று எண்ணுவது வேறு, நாம் ஒரு பவுடரைக் கொடுத்து அதை மாற்றுவது வேறு.

எதிர்ப்புக் கலங்கள் ஒரு கட்டியை உண்மையிலேயே கரைப்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள், என்னவென்று தெரியாமல். எங்கள் ஊர்நாய்களின் பின்புறத்தில் பூக்கோவா மாதிரி சிவந்து, இரத்தம் சொட்டும் ஒரு கட்டி வருமே, அதைச் சொல்கிறேன். மாரி நாட்களில் சோடி சேர்ந்து திரிந்த பிறகு கிளினிக்குக்கு வரிசையாக வரும். கலவியால் ஒட்டும் கட்டி அது. கிருமி ஒட்டிக் கட்டி வருவதில்லை, கட்டியின் கலமே ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குத் தாவிக் குடியேறுகிறது. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் எங்கேயோ செத்துப்போன ஒரு நாயின் கலம் இன்றைக்கும் முல்லைத்தீவுத் தெருவில் உயிரோடு திரிகிறது என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே முதலில் கேட்டபோது மயிர் கூச்செறிந்தது.

அந்தக் கலம் அந்நியன், உடல் அதைப் பிடித்துத் தள்ளியிருக்கவேண்டும். முதல் மாதங்களில் அது தன் அடையாள அட்டையை மறைத்துக்கொண்டு வளர்கிறது, மேற்பரப்பில் இருக்கவேண்டிய அடையாளப் புரதங்களை இறக்கி வைத்துவிடுகிறது. ஆய்வுகூட நாய்களில் சில மாதம் கழித்து லிம்போசைட்டுகள் உள்ளே குவிந்து, சுரப்புகளால் அந்த மறைப்பைக் கலைத்து, கட்டி தானாகவே சுருங்கியிருக்கிறது. அப்படித் தேறிய நாய்க்கு மறுபடி அந்தக் கட்டி ஒட்டவும் இல்லை. தெருநாயில் அதை நம்பிக் காத்திருக்க முடியாது. அதனால் வாரம் ஒன்றாக நாலைந்து வின்கிறிஸ்ரின் ஊசி போடுகிறோம், பெரும்பாலும் மாறிவிடுகிறது. மருந்து கொஞ்சத்தைக் கொன்று கொடுக்க, மிச்சத்தை எதிர்ப்புக் கலங்கள் வந்து முடிக்கின்றன.

வீமனின் கட்டி அப்படிப்பட்டதில்லை. அது அவனுடைய சொந்தக் கலம், அவனுடைய அடையாள அட்டையோடுதான் திரிகிறது. சொந்தப் பிள்ளை கெட்டுப்போனால் காவல்காரன் என்ன செய்வான்? பார்த்தும் பாராமல் நிற்பான். எங்கள் கிளினிக்கில் ஊசியால் கரைந்த கட்டிகளைப் பார்த்துவிட்டு, இதற்கும் ஒரு ஊசி இருக்குமே என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

உண்ணிக்காய்ச்சலில் கட்டி வற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. 1891இல் நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், கழுத்தில் சார்க்கோமா இருந்த ஒரு நோயாளிக்கு வேண்டுமென்றே கிருமியைச் செலுத்திக் காய்ச்சல் வரவைத்தார். தோலில் கிருமித்தொற்று வந்த ஒருவருக்குச் சார்க்கோமா மறைந்துபோனதைப் பழைய ஏட்டில் பார்த்திருந்தார் அவர். நோயாளியின் கட்டி கரைந்தது. பிறகு பலருக்கும் செய்தார். சிலருக்குக் கரைந்தது, பலருக்கு இல்லை, சிலர் அந்தக் காய்ச்சலிலேயே செத்தும் போனார்கள். எதிர்ப்புக் கலங்களைத் தூண்டிப் புற்றை அடிக்கலாம் என்ற எண்ணமே இப்படி ஒரு சார்க்கோமாவில்தான் தொடங்கியது. ஆனால் வீமனுக்கு நடந்தது அநேகமாக வேறு. காய்ச்சலில் நாய் இளைத்திருக்கும், தோலடிக் கொழுப்பு குறைந்திருக்கும். காய்ச்சலுக்கு டொக்சிசைக்கிளின் மருந்து கொடுத்ததில் கட்டியைச் சுற்றி இருந்த வீக்கமும் வற்றியிருக்கும். தையிலிருந்து மறுபடி வளர்ந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்களே.

பவுடருக்கு வருவோம். எதிர்ப்புச் சக்தியை ஏற்றுவது என்ற பேச்சே எனக்குப் பிடிப்பதில்லை. நெல்லுக்கு விடுகிற தண்ணீரைக் கோரையும் குடிக்கும். கட்டிக்குள் நிற்கும் கலங்களில் பாதி எந்தப் பக்கம் என்று தெரியாதபோது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தீனி போடுவதில் என்ன கணக்கு? தூண்டிக்கொண்டே இருந்தால் நல்லது என்றும் சொல்லமுடியாது. வெப்ப நாடுகளில் நாய்களின் உணவுக்குழாயில் முடிச்சுக் கட்டி வாழும் ஒரு புழு இருக்கிறது, சாணி வண்டைத் தின்பதால் வருவது. எதிர்ப்புக் கலங்கள் அந்த முடிச்சைச் சுற்றி மாதக்கணக்கில் நின்று எரிந்துகொண்டே இருக்கும். சில நாய்களில் கடைசியில் அந்த முடிச்சே சார்க்கோமாவாக மாறிவிடும்.

மகனின் மனம் நோகாமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன். டப்பாவின் பின்பக்கத்தை வாசியுங்கள். உள்ளி, வெங்காயம் இருந்தால் வேண்டாம், நாயின் செங்குழியங்களை உடைக்கும். சைலிட்டோல் என்ற இனிப்பு இருந்தால் வீட்டில் வைத்திருக்கவே வேண்டாம். இரண்டும் இல்லை, வெறும் மஞ்சளும் காளானும்தான் என்றால் ஒரு சிட்டிகை சோற்றில் போடுவதால் கெடுதல் வரப்போவதில்லை. கட்டி கரையும் என்று மட்டும் காத்திருக்காதீர்கள். கட்டியின் மேல் வேப்பிலைப் பத்தோ சுண்ணாம்போ ஒத்தடமோ கூடாது. தோல் வெடித்தால் வெட்டித் தைப்பதற்கு நல்ல தோல் மிஞ்சாது. வலிக்கு என்று வீட்டில் இருக்கும் இபுபுரூபனும் டைக்ளோபெனாக்கும் கொடுக்காதீர்கள். குடலில் புண் விழுந்து, சிறுநீரகம் கெட்டு வந்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன், கட்டியைவிட வேகமாகக் கொன்றுவிடும்.

எதிர்ப்புக் கலங்களை வைத்துச் செய்யும் உண்மையான வைத்தியம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்தைத் தினமும் மிகக் குறைந்த அளவில் கொடுத்தால், மேலே சொன்ன அடக்கும் ரி கலங்கள் குறைகின்றன என்று சார்க்கோமா வந்த நாய்களிலேயே பார்த்திருக்கிறார்கள். 2008இல் வந்த ஒரு ஆய்வில், ஓரம் சுத்தமாக வராத 30 நாய்களுக்கு இதையும் பைரொக்சிகாம் என்ற வலி மருந்தையும் கொடுத்து, எதுவும் கொடுக்காத 55 நாய்களோடு ஒப்பிட்டிருந்தார்கள். மருந்து கொடுத்தவற்றில் கட்டி திரும்பி வரப் பிந்தியது. நாய்களைக் குலுக்கிப் போட்டுப் பிரித்துச் செய்த சோதனை அல்ல அது, அதனால் நான் அதில் பாதியைத்தான் நம்புவேன். சிறுநீர்ப்பையில் எரிவும் இரத்தமும் வரலாம். மாத்திரையையும் மூத்திரத்தையும் கையுறையில்லாமல் தொடக்கூடாது. பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீடு என்பதையும் யோசியுங்கள். முன்பு சொன்ன பூட்டைத் திறக்கும் ஊசி மனிதருக்கு வந்துவிட்டது, அதற்கு வழி காட்டிய இருவருக்கு 2018இல் நொபெல் கிடைத்தது. நாய்களுக்கு அமெரிக்காவில் 2023இல் ஒன்றுக்கு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள். மெலனோமாவுக்கும் மாஸ்ற் கலக் கட்டிக்கும்தான், சார்க்கோமாவுக்கு இல்லை.

ஆகவே வீமனுக்குக் கத்திதான், ரீச்சர். முதல் முறை நடந்த மாதிரி இல்லை.

நான் வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் துணுக்காய்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி தன் நாயைச் சைக்கிள் கரியரில் பெட்டி கட்டி ஏற்றி வந்தார். தோளில் கட்டி. தோலைக் கீறி விரலை விட்டேன். நுங்கு வழுக்கிக்கொண்டு வருவது மாதிரி முழுசாக வெளியே வந்தது, சுற்றிலும் அழகான ஒரு உறை. எனக்கு ஒரே பெருமை. எட்டுத் தையல் போட்டு அனுப்பினேன். நாலு மாதத்தில் திரும்பி வந்தார்கள், கட்டி முன்பைவிடப் பெரிது, அடியில் தசையோடு இறுகிப் போயிருந்தது. அந்த உறை உறையே இல்லை என்பது அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வளரும் கட்டி சுற்றியுள்ள இழையத்தை நெரித்து உண்டாக்கிய பொய்யுறை அது. அந்த உறைக்குள்ளேயும் அதைத் தாண்டியும் கட்டியின் கலங்கள் விரல்விட்டிருக்கும். கோரையை மேலால் பிடுங்கிவிட்டுக் கிழங்கை மண்ணில் விட்ட வேலை என்னுடையது. வீமனின் முதல் கட்டியை எடுத்தவரை நான் குறை சொல்லப்போவதில்லை.

இந்த முறை கட்டியின் ஓரத்திலிருந்து எல்லாப் பக்கமும் 3 சென்ரிமீற்றர் நல்ல தோலோடு, அடியில் தசையை மூடியிருக்கும் சவ்வு ஒரு படையும் சேர்த்து எடுக்கவேண்டும். பழைய தழும்பும் துண்டெடுத்த இடமும் அதற்குள் வரவேண்டும். நீங்கள் கணிதம் படிப்பித்தவர். கட்டி இப்போது 4 சென்ரிமீற்றர். இரண்டு பக்கமும் 3 வைத்தால் 10 சென்ரிமீற்றர் வட்டம், ஏறக்குறைய 79 சதுர சென்ரிமீற்றர் தோல். பொங்கலுக்குள் கட்டி 6 ஆனால் வட்டம் 12, தோல் 113. பெரிய நாயின் தொடையில் முதல் கணக்கை இழுத்துத் தைக்கலாம். இரண்டாவதில் ஒட்டுத்தோல், திறந்த புண், இல்லாவிட்டால் காலே என்று பேச்சுப் போய்விடும். கால் போனாலும் நாய் ஓடும், பன்றிக்கு வைத்த சுருக்கில் கால் போன நாய்கள் எங்கள் பக்கம் எத்தனை ஓடித் திரிகின்றன. அந்த நிலைக்கு இவனை விடத் தேவையில்லை என்பதுதான் என் கரிசனம்.

ஒன்பது வயது என்பதற்காக மயக்க மருந்துக்குப் பயப்படவேண்டாம். நான் பயப்படுவது உண்ணிக்கு. உண்ணிக்காய்ச்சலில் தேறிய நாயின் இரத்தத்தில் அந்த நோய் ஒளிந்திருக்கக்கூடும். இரத்தத் தட்டுகள் குறைந்திருந்தால் மேசையில் இரத்தம் நிற்காது. அதனால் வெட்டுவதற்கு ஒரு வாரம் முன் முழு இரத்தச் சோதனை, தட்டு எண்ணிக்கை, சிறுநீரகம், ஈரல் பார்த்துவிடுங்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே இரண்டு பக்கமும் ஒருமுறை, மேலிருந்து ஒருமுறை, ஆக மூன்று. நுரையீரலில் பொட்டுகள் இருந்தால் கதை மாறும். முழங்காலுக்குப் பின்னாலும் கவட்டிலும் உள்ள நிணநீர்க் கணுக்களைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதே தொடையில் இன்னொரு சிறு உருண்டை தட்டுப்படுவதாகப் பின்குறிப்பில் எழுதியிருந்தீர்கள். அதற்கு இப்போதே பயப்படாதீர்கள். நுளம்பால் பரவும் தோலடிப் புழு ஒன்று இலங்கை நாய்களில் தாராளம், பட்டாணி அளவு உருண்டைக்குள் நூல் மாதிரிச் சுருண்டு கிடக்கும். ஒரு ஊசி குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எடுத்த கட்டியை இந்த முறை கட்டாயம் சோதனைக்கு அனுப்பவேண்டும், துண்டாக இல்லாமல் முழுதாக. எந்தப் பக்கம் தலைப்பக்கம், எது அடிப்பக்கம் என்று நூல் கட்டி, ஓரத்துக்கு மை பூசி, கட்டியைப் போலப் பத்து மடங்கு போர்மலினில் போடச் சொல்லுங்கள். ஜாம் போத்தலுக்குள் நெருக்கி அடைத்தால் நடு அழுகிவிடும். ஓரம் சுத்தம் என்று வந்தால் அதோடு மருந்து மாத்திரை எதுவும் வேண்டாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தடவிப் பார்த்தால் போதும். சுத்தமில்லை என்று வந்தால் எனக்கு எழுதுங்கள், அந்தச் சைக்ளோபொஸ்பமைட் கதையை அப்போது பேசுவோம்.

விசர்நாய்த் தடுப்பூசி பிந்தியிருந்தால் சத்திரசிகிச்சைக்கு இரண்டு மூன்று வாரம் கழித்துப் போடலாம், வலது பக்கத்தில்.

இந்த அளவு வெட்டுக்குப் பேராதனை மிருக வைத்தியசாலைதான் என் தெரிவு. மாங்குளம் சந்தியில் ஏ9 ஏறினால் கண்டி வரைக்கும் அதே வீதி, ஆனால் நாய்க்கு அது நீண்ட பயணம். முதல்நாள் போய்த் தங்க இடம் பாருங்கள். முதல்நாள் இரவு எட்டு மணிக்குப் பிறகு சாப்பாடு வேண்டாம், தண்ணீர் காலை வரை இருக்கலாம். வாகனத்தில் அவனை வலது பக்கம் சரித்துப் படுக்கவையுங்கள், கட்டி அமுங்கக்கூடாது. தம்புள்ளையில் ஒருமுறை இறக்கி நடக்கவிடுங்கள். ஐந்து ரூபாய்க் குற்றியை வைத்து எடுத்த பழைய படங்களையும் கையோடு கொண்டுபோங்கள், அங்குள்ள வைத்தியருக்கு அது ரிப்போட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லும்.